நடுப்பகல் சோற்றின் நிறை

பத்து நாளில் இளையதம்பி எரித்தது முப்பத்தோராயிரம் கலோரி. சாப்பிட்டது இருபத்தோராயிரத்து ஐந்நூறு. அவருடைய நிறை ஓர் அவுன்ஸ்கூடக் குறையவில்லை.

இது நடக்காது. விறகில்லாமல் அடுப்பு எரியாது. உணவில் குறைந்ததை உடம்பு கொடுத்திருக்க வேண்டும். என் அட்டவணைப்படி ஏறக்குறைய மூன்று இறாத்தல் நிறை. கொடுக்கவில்லை என்றால் வேறெங்கோ இருந்து சாப்பாடு வருகிறது. அந்த வீட்டில் எதையோ ஒளிக்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

அது அறுபத்திரண்டாம் ஆண்டு மார்கழி. முல்லைத்தீவுக்குத் தெற்கே ஒரு குளத்தின் கீழ் புதிதாகக் காடு வெட்டிக் குடியேற்றிய இடம். ஒன்பதாம் வாய்க்கால் என்பதுதான் அதன் பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. வயல் செய்யும் ஒரு கமக்காரர் நாளொன்றுக்கு எவ்வளவு சக்தி செலவழிக்கிறார் என்று கணக்கெடுக்கக் கொழும்புத் திணைக்களம் என்னை அனுப்பியிருந்தது. விஞ்ஞானம் படித்திருந்தேன். ஆவணியில் மனைவி இறந்திருந்தாள். தூரமாக எங்காவது அனுப்புங்கள் என்று கேட்டேன். யானைக்கும் காய்ச்சலுக்கும் பயந்து வேறு யாரும் கேட்கவில்லை. உடனே கிடைத்தது.

வேலை எளிது. பொழுது விடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும். சாப்பாட்டை நிறுக்க வேண்டும். பிறகு கைக்கடிகாரத்தோடு ஆளின் பின்னால் திரிய வேண்டும். இத்தனை நிமிடம் நடந்தார், இத்தனை நிமிடம் மண்வெட்டி பிடித்தார், இத்தனை நிமிடம் குந்தியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஓர் எண் உண்டு. நிமிடத்தால் பெருக்கிக் கூட்டினால் நாள் முடிந்தது. முதல் நாளும் பத்தாம் நாளும் ஆளை நிறுக்க வேண்டும். மனைவி இருந்தால் அவரையும். அவர் வேலையை மட்டும் காலையில் நான் கேட்டும் கண்டும் எழுதினேன்.

யாரும் என்னை நம்பவில்லை. நாயாற்றுக் கருவாட்டைச் சைக்கிளில் கொண்டுவந்து விற்கும் கச்சு முகம்மது, வாய்க்கால் கட்டில் எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்.

"மாஸ்டர், நான் மீனை நிறுக்கிறன். நீங்கள் மனிசரை நிறுக்கிறியள். ஆருக்கு விக்கப் போறியள்?"

எல்லாரும் சிரித்தார்கள். இளையதம்பி சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிக்கும் நிலை இல்லை. போன காலபோக நெல் பருவத்தில் அவர் மூன்று மாதம் காய்ச்சலில் கிடந்தார். வயல் தரிசாகப் போனது. காணிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருந்தது. இந்த முறை வயலில் நெல் நிற்க வேண்டும். மேட்டுக்காணியில் கட்டை பிடுங்கிக் காடு வெளியாக வேண்டும். தை முடிவதற்குள். இல்லாவிட்டால் காணிப் பெர்மிற் ரத்து. அந்தக் கடிதத்தை அவர் கூரைக் கிடுகில் செருகி வைத்திருந்தார். வீட்டுக்குள் யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

"சாப்பாடு கூடவெண்டால் அரிசிக் கூப்பனை வெட்டுவினமாம். வேலை குறைவெண்டால் பெர்மிற்றை வெட்டுவினமாம்," என்றார் இளையதம்பி. "ரெண்டையும் எழுதுறது நீங்கள்தானே?"

"எழுதுறதுதான் நான். வெட்டுறது நான் இல்லை."

"கத்தியும் அப்பிடித்தான் சொல்லும், மாஸ்டர்."

ஆனாலும் வீட்டுக்குள் விட்டார். மறுத்தால் அதையும் எழுதுவேன் என்று பயந்திருக்கலாம். அவருடைய மனைவியின் பெயர் நேசமலர். முப்பது வயது இருக்கும். பிள்ளை இல்லை. நான் கேட்டதை எடுத்து வைப்பார், கேட்காததைப் பேசமாட்டார். முதல் நாள் ஆள் நிறுக்கும் பலகையில் ஏறியபோது மட்டும், "எழுதிப் போட்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றார். கண்ணூறு பற்றிய பயம் என்று நினைத்தேன். தொண்ணூற்று நான்கு இறாத்தல்.

பத்தாம் நாள் தொண்ணூற்றொன்று.

அதை அப்போது நான் கவனிக்கவில்லை. ஆய்வு கமக்காரரைப் பற்றியது. பெண்ணின் கணக்கு வரி தாளின் அடியில், சிறிய எழுத்தில் இருந்தது. என் கண் இளையதம்பியின் மேல் இருந்தது. காய்ச்சலில் கிடந்து எழும்பிய ஆள். விடிய ஆறரைக்கு மண்வெட்டி எடுக்கிறார். பாலை வேரையும் வீரை வேரையும் கோடரியால் கொத்தி எடுக்கிறார். நிமிடத்துக்கு ஏழு கலோரி எரியும் வேலை. மழைக்கும் நிற்பதில்லை. நான் நிறுத்துக் கொடுத்த சோற்றில் அந்த வேலை இல்லை.

இறைச்சி என்று சந்தேகித்தேன். காடு கைக்கெட்டும் தூரத்தில். பொறி வைப்பது குற்றம், ஆகவே மறைப்பார்கள். பதினோராம் நாள் நேரடியாகக் கேட்டேன்.

"இறைச்சி ஏதும் கிடைக்கிறதோ? மான், மரை?"

இளையதம்பி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "மான் என்னைக் கண்டால் ஓடாது, மாஸ்டர். பாவமெண்டு நிண்டு பாக்கும்."

நான் நம்பவில்லை. கச்சு முகம்மதுவின் சைக்கிள் அந்த வீட்டு வாசற்படலையில் அதிக நேரம் நிற்பதாகத் தோன்றியது. அன்று பின்னேரம் வழியில் மறித்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மூடியைத் தூக்கி என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"வடிவா மோந்து பாருங்கோ. மான் மணக்குதோ?"

கருவாடுதான்.

"மாஸ்டர், உங்களுக்கொரு நோய் இருக்கு," என்றார். "முன்னாலை நிக்கிறதை விட்டுட்டுப் பின்னாலை தேடுறியள்."

கூட்டுறவுச் சங்கக் கடையின் பின்னறைதான் என் தங்குமிடம். மழை பிடித்துக்கொண்டது. தாள்களை விரித்து மறுபடி பெருக்கினேன். பெருக்கலில் பிழை இல்லை. வேறு செய்ய ஒன்றுமில்லாததால் அடியில் இருந்த சிறிய எழுத்து வரியையும் கூட்டினேன். நேசமலர் பத்து நாளில் சாப்பிட்டது பத்தொன்பதாயிரம். எரித்தது இருபதாயிரத்து ஐந்நூறு. வித்தியாசம் ஆயிரத்து ஐந்நூறு. அதற்கு அரை இறாத்தல்கூடக் குறையாது. அவர் மூன்று இறாத்தல் குறைந்திருந்தார்.

இரண்டு வரியையும் ஒன்றாகக் கூட்டினேன். வீடு முழுவதற்கும் பற்றாக்குறை பதினோராயிரம். வீடு முழுவதிலும் குறைந்த நிறை மூன்று இறாத்தல். கணக்குச் சரி.

வெளியிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு கவளமும் வரவில்லை. உள்ளேதான் ஏதோ இடம் மாறுகிறது.

எங்கே மாறுகிறது என்பதற்கு விடை என்னிடமே இருந்தது. எனக்குத் தந்த அறிவுறுத்தலில், ஒவ்வொருவரும் சாப்பிட்டு முடியும்வரை அருகில் இருந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதை எழுதியவர் எங்கள் பக்கத்து ஆள் அல்ல. அந்நிய ஆண் ஒருவன் குசினி வாசலில் இருந்து ஒரு பெண் சாப்பிடுவதைப் பார்ப்பதா? நான் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து இருவர் மத்தியானப் பங்கையும் வேறுவேறு சட்டியில் நிறுத்து எழுதிவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவேன். பிறகு நேசமலர் சோறு கொண்டு வருவார். இளையதம்பி மர நிழலில் இருந்து சாப்பிடுவார். சாப்பிடுகிறவர் வாயைப் பார்க்கக் கூடாது என்று நான் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பேன். "நீங்கள் சாப்பிட்டியளோ?" என்று நேசமலரைக் கேட்பேன். "ஓம், சாப்பிட்டனான்" என்பார். எழுதிக்கொள்வேன்.

பத்து நாளும் இரண்டு பேர் சாப்பாட்டையும் நான் காணவில்லை. மரியாதையாக நடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு வழக்கம்போல நிறுத்தேன். இளையதம்பிக்கு ஓர் இறாத்தல் பதினாலு அவுன்ஸ் சோறு. நேசமலருக்கு ஓர் இறாத்தல் பத்து. எழுதிவிட்டுக் கிளம்பினேன். காட்டுக்குப் போகவில்லை. வாய்க்கால் மதகில் இருந்தேன். அரை மணி நேரத்தில் நேசமலர் தலையில் பெட்டியோடு வந்தார். என்னைக் கண்டதும் நடை குறைந்தது.

"சட்டியை ஒருக்காத் தாங்கோ."

"ஏன்? நிறுத்தாச்சுத்தானே?"

"திரும்ப நிறுக்கப் போறன்."

அவர் தரவில்லை. மறுக்கவும் இல்லை. பெட்டியை இறக்கி மதகில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் சட்டியைக் கொக்கியில் மாட்டினேன். சட்டியின் நிறை எனக்குத் தெரியும். கழித்தேன். மூன்று இறாத்தல் எட்டு அவுன்ஸ். இரண்டு பங்கும்.

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"இவ்வளவு சோற்றைக் கண்டு கேக்கமாட்டாரோ?"

"மாஸ்டர் நிறுத்துத் தந்த பங்கெண்டு சொல்லுவன். பாரவேலை செய்யிற ஆளுக்கு இவ்வளவு வேணுமெண்டு கொழும்பிலை எழுதியிருக்காமெண்டு." தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "முந்தி ஒவ்வொரு நாளும் கேப்பார். நீ சாப்பிட்டியோ, நீ சாப்பிட்டியோ எண்டு. சட்டியைத் திறந்தும் பாப்பார். நீங்கள் வந்தாப்பிறகு கேக்கிறேல்லை. தராசு சொன்னாச் சரிதானே எண்டு விட்டிட்டார்."

நான் தராசைப் பைக்குள் வைத்தேன்.

"எத்தனை நாளைக்கு இப்பிடி?"

"தை முடியுமட்டும். காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குப் பசி வந்தால் கை நடுங்கும். கோடரி காலிலை விழும். காணி போனால் எங்கை போறது? ஊரிலை எங்களுக்கு நிக்க நிலமில்லை."

"நீங்கள் விழுந்தால்?"

"பெர்மிற் என்ரை பேரிலை இல்லையே, மாஸ்டர்."

பகிடிபோலத்தான் சொன்னார். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தார். இரண்டாம் முறைதான் ஏறியது. "அவருக்குச் சொல்லாதேங்கோ. சொன்னால் அவரும் சாப்பிடார். பிறகு ரெண்டு பேரும் பட்டினி, காணியும் இல்லை."

அது சரியான கணக்கு. நானும் போட்டுப் பார்த்தேன். அந்தக் காட்டை வெளியாக்க இத்தனை ஆயிரம் கலோரி வேண்டும். அரிசி இவ்வளவுதான். மீதியை யாருடைய உடம்பாவது கொடுக்க வேண்டும். சொன்னால் காணி போகும். சொல்லாவிட்டால் நேசமலர்.

அன்று காட்டுக்குப் போகவில்லை. அறையில் இருந்தேன்.

என் மனைவியின் பெயர் விமலேஸ்வரி. வவுனியாவில் ஒரு வாடகை வீட்டில் பதினான்கு மாதம் இருந்தோம். ஆறு நாள் காய்ச்சல். "உடம்பிலை இரத்தமே இல்லையே, இவ்வளவு நாளும் என்ன செய்தனீர்?" என்று வைத்தியர் என்னைக் கேட்டார். அன்றிலிருந்து நான் வைத்தியரைச் சந்தேகித்தேன். அவர் போட்ட ஊசியைச் சந்தேகித்தேன். கிணற்றுத் தண்ணீரை. நோயை மறைத்துக் கட்டிக் கொடுத்தார்கள் என்று அவளுடைய அம்மாவை. செத்த வீட்டில் அந்த மனுசியோடு நான் கதைக்கவில்லை.

ஒரு புதிய தாள் எடுத்து விமலேஸ்வரியின் பெயரை எழுதினேன். அவள் எரித்ததைக் கணக்கிடலாம். காலையில் பன்னிரண்டு வாளி தண்ணீர். அம்மியில் அரை மணி. உரலில் முக்கால் மணி. முற்றம், துணி, அடுப்பு. நிமிடங்கள் எனக்குத் தெரிந்தே இருந்தன. பெருக்கிக் கூட்டினேன். பிறகு சாப்பிட்டது என்ற நிரலுக்கு வந்தேன்.

நான் சாப்பிட்டது நினைவிருக்கிறது. இரண்டு தரம் போடுவாள். போதும் என்றாலும் ஓர் அகப்பை வைப்பாள். நான் கை கழுவி வெளியே போன பிறகு அவள் சாப்பிடுவாள். சாப்பிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். பதினான்கு மாதத்தில் அவள் சாப்பிட்டு நான் பார்த்தது கலியாணப் பந்தியில் ஒருமுறை.

அந்த நிரலை விட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு இரண்டு சட்டியையும் நிறுத்தேன். எழுதினேன். பிறகு குசினி வாசலில் இருந்தேன்.

"நேரமாச்சு, நீங்கள் போங்கோ," என்றார் நேசமலர்.

"நீங்கள் சாப்பிடுங்கோ. பாத்திட்டுப் போறன்."

"என்ன விசர்க்கதை இது?"

"சாப்பிடுங்கோ."

"அயலட்டை கண்டால் என்ன கதைக்கும்? எழும்பிப் போங்கோ, மாஸ்டர்."

நான் எழும்பவில்லை. கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தேன். கடைசியில் அவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தார். முதல் வாய் மெதுவாகப் போனது. பிறகு மெதுவாக இல்லை. முதுகெலும்பு சட்டைத் துணிக்கு மேலால் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பவில்லை.

சோறு வரவில்லை என்று இளையதம்பி தேடி வந்தார். தோளில் மண்வெட்டி. முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் கண்டார்.

"மாஸ்டர் இஞ்ச என்ன செய்யிறியள்?"

"நிறுக்கிறன்."

"என்ரை பெண்சாதி சாப்பிடுறதை வாசல்லை குந்தியிருந்து பாத்தோ நிறுக்கிறியள்?" மண்வெட்டி தோளிலிருந்து கைக்கு வந்தது. "பெண்சாதி செத்த மனிசனெண்டு பாவம் பாத்து உள்ளை விட்டனான். என்னைக் காட்டிலை விட்டுட்டு இதுக்கோ வாறனீர்?"

"இவ்வளவு நாளும் பாக்காமல் நிறுத்ததுதான் பிழை."

"எழும்பும்!"

எழும்பினேன். "பத்து நாளிலை நீங்கள் ஒரு அவுன்சும் குறையேல்லை. அவா மூண்டு இறாத்தல் குறைஞ்சிட்டா. மத்தியானத்திலை நீங்கள் சாப்பிட்டது உங்கடை பங்கும் அவாவின்ரை பங்கும்."

"பொய்."

"நான் உங்களுக்கு அவ்வளவு நிறுத்துத் தரேல்லை. உங்கடை சட்டியைத் தூக்கிப் பாருங்கோ. நேத்து வரைக்கும் வந்த பாரமோ இது?"

அவர் என்னைப் பார்த்தபடியே குனிந்து அடுப்படியில் இருந்த தன் சட்டியைத் தூக்கினார். நெல்மூட்டை தூக்கிய கை. அதற்குத் தராசு வேண்டாம். அப்படியே கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். நேசமலர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். மெல்லுவது நின்றிருந்தது.

இளையதம்பி சட்டியைக் கீழே வைத்தார்.

"வெளியிலை போம்," என்றார். "இனி இந்தப் படலைக்குள்ளை கால் வைக்கக் கூடாது."

போனேன். படலையைத் தாண்டும்போது உள்ளே அவர் கேட்பது காதில் விழுந்தது. "எத்தினை நாளா?"

மூன்றாம் நாள் என்மேல் முறைப்பாடு போனது. குசினிக்குள் புகுந்து பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று. அது உண்மை. என்னை முல்லைத்தீவுக் கந்தோருக்கு மாற்றி, மற்றவர்கள் எடுத்த கணக்கைப் படியெடுக்க வைத்தார்கள். இளையதம்பி வீட்டுத் தாள்களை மேலதிகாரி சிவப்பு மையால் குறுக்கே வெட்டினார். நம்பத்தகாதவை என்று ஓரத்தில் எழுதினார். தாளை எறிந்துவிடச் சொன்னார். எறியவில்லை.

பங்குனியில் கச்சு முகம்மது கந்தோர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். என்னைக் கண்டு வந்தவர்போலத் தெரியவில்லை. ஆனால் என்னிடம்தான் வந்தார்.

"மாஸ்டர், உங்களாலை எனக்குப் பெரிய கரைச்சல்."

"என்ன செய்தனான்?"

"இளையதம்பி என்ரை மீன் தராசை வாங்கிக்கொண்டு போனவன். ஒண்டரை மாதம்! மத்தியானத்திலை ரெண்டு தட்டிலையும் சோத்தைப் போட்டு, முள்ளு நடுவிலை நிண்டால்தான் சாப்பிடுவானாம். அவா சாப்பிடுமட்டும் எதிரிலை குந்தியிருப்பானாம். நான் கைமட்டத்திலை கருவாடு வித்தன். ஊரெல்லாம் என்னைக் கள்ளனெண்டு சொல்லுது."

"காணி?"

"வயலிலை நெல்லு வெட்டியாச்சு. மேட்டுக்காணியிலை அரை ஏக்கருக்குக் கிட்டக் காடு நிக்குது. பாதிச் சோத்திலை பாதி வேலைதானே. கந்தோர்க்காரர் வந்து பாத்தவை. ஒரு மணித்தியாலம் கதை. நெல்லைக் கண்டாப்பிறகு, மிச்சத்துக்கு அடுத்த போகம்வரை தவணை குடுத்திருக்கினம். எழுத்திலை இன்னும் வரேல்லை. எனக்கு அவையளிலை நம்பிக்கையும் இல்லை."

எனக்கும் இல்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். சங்கக் கடைச் சிட்டையின் பின்பக்கம். கருவாட்டு மணம். தடித்த பென்சிலில், எழுதிப் பழகாத கையால் எழுதியிருந்தது.

நேசமலர். நெல்லுத் தராசில் நிறுத்தது. 94.

"இதை மாஸ்டரிட்டைக் குடுக்கச் சொன்னவன்," என்றார் கச்சு முகம்மது. "கோவம் இன்னும் போகேல்லையாம். அதையும் சொல்லச் சொன்னவன்."

அலுமாரியைத் திறந்து, குறுக்கே வெட்டிய தாளை எடுத்தேன். நிறை என்ற நிரலில், தொண்ணூற்றொன்றுக்குக் கீழே, திகதி போட்டு எழுதினேன். அதற்கு அடியில் மற்றத் தாள் இருந்தது. விமலேஸ்வரியின் பெயரும் எரித்த கணக்கும் மட்டும் உள்ள தாள். இரண்டையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

கச்சு முகம்மது இன்னும் நின்றார். சைக்கிள் கைப்பிடியைத் துடைத்தார்.

"சாப்பிட்டியளோ, மாஸ்டர்?"

யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். வழக்கமான பதில் வாய்வரை வந்தது.

"இல்லை," என்றேன்.

"அப்ப வாங்கோ," என்றார் அவர். "ரெண்டு பேருமாச் சாப்பிடுவம்."